திருவையாறும் நாங்க அஞ்சு பேரும்: யார் வேணா பாடலாமா?

டிஸ்கி: இது சங்கீத விமர்சனம் இல்லை. கல்யாணிக்கும் சங்கராபரணத்துக்கும் வித்தியாசம் கேட்டா பேந்தப் பேந்த முழிக்கிற ஆளு நான். சரித்திரம் மட்டும் கொஞ்சம் படிப்பேன். அந்த தைரியத்துல எழுதுறது. தப்பு இருந்தா திட்டாம திருத்துங்க :-)

பொங்கலுக்கு நெட்டப்பாக்கம் வந்திருந்தேன். டீக்கடை பெஞ்சுல நாங்க அஞ்சு பேரும் வழக்கம் போல வெட்டிப் பேச்சு. "ஒரு தடவையாவது ஏதாவது மியூசிக் ஃபெஸ்டிவல் போகணும்டா" என்று ஒருத்தன் ஆரம்பிச்சான். அவன் மனசுல இருந்தது கோவா. பீச், ராத்திரி பூரா லைட்டு, ஸ்பீக்கர். டிக்கெட் விலையைக் கேட்டதும் பாக்கி நாலு பேரும் டீயைக் கீழ வச்சுட்டோம். கிடார் வாசிக்கிறவன் (அதாவது வாசிக்கிறதா அவனே சொல்லிக்கிறவன்) பாண்டிச்சேரியில நடக்குற ஃபெத் த லா மியூசிக்கைச் சொன்னான். அது ஜூன் 21-ஐ ஒட்டித்தான் வரும். இன்னும் அஞ்சு மாசம் இருக்கு.

அதுவரைக்கும் பேசாம இருந்த அஞ்சாவது ஆள் சொன்னான், "திருவையாறு போலாம். டிக்கெட்டே கிடையாது. ஆத்தங்கரையில மணல்ல உக்காந்து கேக்கலாம்."

இந்த அஞ்சாவது ஆளைப் பத்திச் சொல்லணும். அவங்க அப்பா தவில்காரர். சுத்துப்பட்டுக் கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எல்லாத்துலயும் அவர் தவில் கேட்டுத்தான் நாங்க வளர்ந்தோம். இவனும் வாசிப்பான். ஆனா வாரத்துல ஆறு நாள் கம்பெனியில ஷிஃப்ட், முகூர்த்த நாள்ல மட்டும் தவில். அவன் கூப்பிட்டா மறுப்பு சொல்ல முடியாது. கிளம்பிட்டோம்.

மடுகரை தாண்டி, பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு, கும்பகோணம். அங்கிருந்து சுவாமிமலை, கபிஸ்தலம் வழியா காவிரிக் கரையை ஒட்டியே ரோடு. வண்டியில போகும்போது கிடார்காரன் ஒரு லெக்சர் கொடுத்தான். அது நிஜமாவே நல்ல லெக்சர், அதனால இங்கேயும் போடுறேன்.

ஃபெத் த லா மியூசிக் பிரான்ஸ்ல 1982 ஜூன் 21-ந்தேதி ஆரம்பிச்சது. அப்போ கலாச்சார அமைச்சரா இருந்தவர் ழாக் லாங். அந்த அமைச்சகத்துல இசைத்துறையைப் பார்த்துக்கிட்டவர் மொரிஸ் ஃப்ளூரே. பிரெஞ்சுக்காரங்கள்ல சுமார் 50 லட்சம் பேர் ஏதோ ஒரு வாத்தியம் வாசிக்கிறாங்கன்னு ஒரு கணக்கெடுப்பு சொல்லிச்சு. அவ்வளவு பேர் வீட்டுக்குள்ள உக்காந்து வாசிக்கிறாங்களே, ஒரு நாளாவது எல்லாரும் தெருவுக்கு வந்து வாசிக்கட்டுமேன்னு ஒரு யோசனை. தேர்ந்தவங்க, கத்துக்குட்டிங்கன்னு வித்தியாசம் கிடையாது, காசு கிடையாது. வருஷத்துலயே பகல் நீளமான நாளாப் பார்த்து வச்சாங்க. இப்போ உலகத்துல பல ஊர்கள்ல நடக்குது.

"பாத்தியா, யார் வேணா தெருவுல பாடலாம்ங்கறதை வெள்ளைக்காரன்தான் கண்டுபிடிச்சான்" என்று முடிச்சான். எனக்கும் அப்போ சரின்னுதான் பட்டது. பழைய பிரெஞ்சுக் காலனிக்காரங்க இல்லையா, கொஞ்சம் பெருமை வேற :-)

திருவையாறு போய், அப்புறம் அந்தச் சரித்திரத்தைத் தேடிப் படிச்ச பிறகு அந்தக் கருத்து மாறிப்போச்சு. இந்தப் பதிவே அதுக்குத்தான்.

ஆத்தங்கரை சமாதி

தியாகராஜர் 1767-ல திருவாரூர்ல பிறந்தவர். வாழ்ந்தது திருவையாறு. 1847 ஜனவரி 6-ந்தேதி, புஷ்ய பகுள பஞ்சமி அன்னிக்கு காலமானார். கடைசியில சன்னியாசம் வாங்கிக்கிட்டதால எரிக்காம காவிரிக் கரையில சமாதி வச்சாங்க. சீடர்கள் அவங்கவங்க ஊருக்குத் திரும்பிப் போய், அவங்கவங்க வீட்டுலயே குருவுக்கு வருஷத் திதி செஞ்சுக்கிட்டாங்க. சமாதியை யாரும் பெரிசா கண்டுக்கல. சுத்தி புதர் மண்டிப் போச்சு.

1900-களோட தொடக்கத்துல உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் ரெண்டு பேரும் சமாதியைத் தேடி வந்து சீர்படுத்தினாங்க. ரெண்டு பேரும் தியாகராஜர்கிட்ட நேரடியாப் படிச்ச சீடர்கள், அப்போ ரொம்ப வயசானவங்க. அதுக்கப்புறம் தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் சேர்ந்து ஆராதனையைப் பெரிய அளவுல நடத்த ஆரம்பிச்சாங்க. சீக்கிரமே சண்டை. ஒரு ஆராதனை ரெண்டாச்சு. அண்ணனோடது பெரிய கட்சி, தம்பியோடது சின்ன கட்சி.

நம்ம பொட்டி தட்டுறவங்க பாஷையில சொன்னா ஒரே ப்ராஜக்ட் ரெண்டு ப்ராஞ்சாப் பிரிஞ்சுடுச்சு. கடைசியில ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. சின்ன கட்சி முன்னாடியே ஆரம்பிச்சு பஞ்சமி அன்னிக்கு முடிக்கும். பெரிய கட்சி பஞ்சமி அன்னிக்கு ஆரம்பிச்சு அடுத்த நாலு நாள் நடத்தும். ஒரே மகான், ஒரே ஆத்தங்கரை, ரெண்டு பந்தல்.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு கட்சியும் ஒண்ணா நின்னாங்க. பெண்கள் பாடக்கூடாது.

நாகரத்தினம்மாள்

இங்கதான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வர்றாங்க. 1878-ல பிறந்த தேவதாசி. மைசூர்லயும் பெங்களூர்லயும் வளர்ந்து, சென்னையில பேரும் பணமும் சம்பாதிச்ச பாடகி. சங்கீதம் மட்டும் இல்ல, படிப்பாளியும் கூட. தஞ்சை மராட்டிய அரசவையில இருந்த முத்துப்பழனி என்ற கவிஞர் தெலுங்கில் எழுதின 'ராதிகா சாந்தவனம்' நூலைத் திருத்தமாப் பதிப்பிச்சு 1910-ல வெளியிட்டாங்க. ஒரு பெண் இவ்வளவு வெளிப்படையா சிருங்காரம் எழுதலாமான்னு ஊரே கொந்தளிச்சு, பிரிட்டிஷ் அரசாங்கம் புத்தகத்தைத் தடை செஞ்சுது. சுதந்திரத்துக்கு அப்புறம்தான் தடை நீங்கிச்சு.

1921-ல அவங்க குரு பிடாரம் கிருஷ்ணப்பாகிட்டேர்ந்து தியாகராஜர் சமாதி கிடக்கிற கேவலமான நிலையைச் சொல்லி ஒரு கடிதம். நாகரத்தினம்மாள் திருவையாறு வந்து பார்த்தாங்க. அந்த நிலத்தை வாங்கி, தன் கைக்காசைப் போட்டு, நகைகளை வித்து, சமாதி மேல ஒரு கோயில் எழுப்பினாங்க. இன்னிக்கு நாம டிவியில பார்க்குற அந்தச் சன்னிதி 1920-களில் அவங்க கட்டினது.

இதுக்கு மேலதான் கதை. கட்டின கோயில் முன்னாடி ரெண்டு கட்சியும் கச்சேரி நடத்துது. கோயில் கட்டின அம்மாவுக்கு அங்க பாட இடம் கிடையாது! பெண், அதுலயும் தேவதாசி.

அவங்க கேட்டுப் பார்த்தாங்க, வாதாடிப் பார்த்தாங்க. நடக்கல. 1927-லேர்ந்து, முன்பக்கம் ஆண்கள் கச்சேரி நடக்கும்போது, கோயிலோட பின்பக்கத்துல பெண்களைக் கூட்டி வச்சுத் தனியா கச்சேரி நடத்த ஆரம்பிச்சாங்க. அதுக்குப் பேரே 'பெண்கள் கட்சி'. ஆக மூணாவது ப்ராஞ்ச்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நாலு பக்கமும் திறந்த வெளி. சுவர் கிடையாது, டிக்கெட் கிடையாது. கேட்க யார் வேணா வரலாம். ஆனா பாட? திறந்தவெளின்னா திறந்த மேடைன்னு அர்த்தம் இல்ல.

அவங்களையும் ரொம்பப் புனிதமாக்க வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவரப் பாடுபட்டப்போ, அதை எதிர்த்த தேவதாசிகள் பக்கம் நின்னவங்க நாகரத்தினம்மாள். (சட்டம் 1947-ல வந்தது.) எல்லாரையும் ஒரே தராசுல போட்டு இழிவு பண்றாங்கங்கறது அவங்க தரப்பு வாதம். சரித்திரத்துல யாரும் நம்ம சௌகரியத்துக்கு இருக்க மாட்டாங்க.

1940-ல மூணு கட்சியும் ஒண்ணாச்சு. எஸ்.ஒய். கிருஷ்ணசுவாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரியும் முசிறி சுப்பிரமணிய ஐயரும் முன்னின்று பேசி முடிச்சாங்க. அதுக்கு அடுத்த வருஷத்துலேர்ந்துதான் அஞ்சு பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லாரும் சேர்ந்து கோஷ்டியாப் பாடுற வழக்கம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. அஞ்சும் ஆதி தாளம். இதைத்தான் நாம ஏதோ காலங்காலமா நடக்கிற சம்பிரதாயம்னு நினைச்சுட்டு இருக்கோம். நிஜத்துல அது சண்டை தீர்ந்ததுக்கு அடையாளமா வந்த ஏற்பாடு. தனித்தனியாப் பாடினா யார் முதல், யாருக்கு எவ்வளவு நேரம்னு வம்பு. சேர்ந்து பாடினா வித்வான், கத்துக்குட்டி, ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே வரி, ஒரே நேரம்.

இதை நான் சொன்னப்போ வண்டி ஓட்டினவன் சொன்னான், "நம்ம ஊரு போலீஸ் ஸ்டேஷன் மாதிரிடா." வெளியூர்க்காரங்களுக்காக: 1954 மார்ச் 31-ந்தேதி விடுதலைப் போராட்டக்காரங்க நெட்டப்பாக்கம் போலீஸ் ஸ்டேஷனைப் பிடிச்சாங்க. எதுவார் குபேர் தலைமையில தற்காலிக அரசாங்கம் எங்க ஊர்லதான் அமைஞ்சது. அந்த வருஷம் நவம்பர் 1-ந்தேதி புதுச்சேரி இந்தியா கைக்கு வந்துது. யாரோ ஒருத்தர் மொதல்ல போய்த் தள்ளினாத்தான் கதவு திறக்கும்னு சொல்ல வர்றான். ஒப்பீடு கொஞ்சம் ஓவர்தான், ஆனா எனக்குப் பிடிச்சிருந்தது.

பஞ்சமி காலை

நாங்க போய்ச் சேர்ந்தது பஞ்சமிக்கு முந்தின ராத்திரி. ரெண்டு மேடை பக்கத்துப் பக்கத்துல. ஒண்ணுல கச்சேரி முடியுறதுக்குள்ள அடுத்ததுல தம்புரா மீட்ட ஆரம்பிச்சுடுறாங்க. ஒவ்வொருத்தருக்கும் கொஞ்ச நேரம்தான். யாருக்கும் சன்மானம் கிடையாது. பெரிய வித்வான் பாடி முடிச்ச அடுத்த நிமிஷம் ஒரு ஸ்கூல் பொண்ணு உக்காந்து பாடுது. அப்பாக்காரர் கீழ நின்னு தொடையில தாளம் போட்டுக்கிட்டே பதட்டமாப் பார்க்கிறார். கிடார்காரன் வாயைப் பிளந்துட்டான். "இது ஃபெத் த லா மியூசிக்கேதான்டா!" ஆமா, அதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே.

ராத்திரி மணல்லயே துண்டை விரிச்சுப் படுத்தோம். பனி, கொசு, தூரத்துல ஒரு வயலின். பக்கத்துல படுத்திருந்த ஒரு பெரியவர் "தம்பிங்களா, காலையில சீக்கிரம் இடம் பிடிச்சுருங்க. எட்டரைக்கு மேல நிக்கத்தான் முடியும்" என்றார்.

காலையில புஷ்ய மண்டபப் படித்துறையில முகம் கழுவிட்டு, நாங்க நாலு பேர் இட்லி தேடிப் போனோம். தவில் நண்பன் வரல. "நான் இடம் பிடிக்கிறேன், நீங்க போங்க." இட்லி சாப்பிட்டு, காபி குடிச்சு, ஊருக்கு வாங்கிட்டுப் போக அசோகா எங்க நல்லா இருக்கும்னு விசாரிச்சு, ஆற அமரத் திரும்பினோம். உள்ளேர்ந்து நாகஸ்வரம் கேட்டுக்கிட்டே இருந்தது. மங்கள இசை. 'இன்னும் ஆரம்பிக்கல' என்று நாங்க பேசிக்கிட்டதுகூட எனக்கு ஞாபகம் இருக்கு.

பந்தலுக்குள்ள போனப்போ நாகஸ்வரம் முடியுற தறுவாய். கூட்டம் இடம் பிடிக்கிறதுலயும் தெரிஞ்சவங்களைக் கூப்பிடுறதுலயும் மும்முரமா இருந்துது. நம்ம ஆளு நேரா முன்னாடி உக்காந்து, தவில்காரர் கையையே பார்த்துக்கிட்டு இருந்தான். கண்ணு கலங்கியிருந்தது.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லடா. எங்க வாசிப்புல எல்லாம் இப்படித்தான். நாங்க முடிச்சாத்தான் ஆரம்பிச்சதா அர்த்தம்."

பளார்னு அறைஞ்ச மாதிரி இருந்தது. அவன் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா இட்லி சாப்பிடப் போன நாலு பேர் நாங்கதானே. இருபது வருஷமா அவங்க அப்பா வாசிக்கும்போது பந்திக்கு இடம் பிடிக்க ஓடினதும் நாங்கதானே.

நாகஸ்வரத்துக்கும் இதே மேடைச் சண்டை உண்டு. அந்தக் காலத்துல நாகஸ்வரக்காரங்க சாமி ஊர்வலத்துல நடந்துக்கிட்டே வாசிக்கணும், பெரிய மனுஷங்க முன்னாடி சட்டை போடாம துண்டை இடுப்புல கட்டி நிக்கணும். இதையெல்லாம் உடைச்சவர்னு எல்லாரும் சொல்றது திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையை (1898-1956). பாட்டுக்காரங்க மாதிரி நானும் மேடையில உக்காந்துதான் வாசிப்பேன்னு நின்னார். வாத்தியத்தையே மாத்தினார். அதுவரைக்கும் புழக்கத்துல இருந்தது குட்டையான, உச்ச ஸ்ருதி பேசுற திமிரி. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோட சேர்ந்து நீளமான பாரி நாகஸ்வரத்தைக் கொண்டுவந்தார். ஸ்ருதி இறங்கிச்சு, கச்சேரி மேடைக்கு ஏத்த நாதம் வந்துது. அந்த நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. நாங்க வந்த கும்பகோணத்துலேர்ந்து அந்த ஊர் ரொம்பத் தூரம் இல்ல. அது தெரியாமலேயே கடந்து வந்துட்டோம்.

மேடைச் சண்டை ஆளுங்களோட நிக்கல, பாஷைக்கும் வந்துச்சு. 1941-ல அண்ணாமலைநகர்ல அண்ணாமலை செட்டியார் தமிழிசை மாநாடு கூட்டினார். 1943-ல சென்னையில தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. அந்தச் சூடு ஆறாத 1940-களில்தான் எம்.எம். தண்டபாணி தேசிகர் திருவையாற்று ஆராதனையில தமிழ்ப் பாட்டு பாட, மேடை தீட்டுப்பட்டுப் போச்சுன்னு பேச்சு கிளம்பினதா பெரிய சர்ச்சை. அப்போ இளைஞரா இருந்த மு. கருணாநிதி 'குடிஅரசு' பத்திரிகையில 'தீட்டாயிடுத்து'ன்னு தலைப்பு வச்சே ஒரு கட்டுரை எழுதினார்.

பெண், நாகஸ்வரம், தமிழ். ஒவ்வொண்ணும் அந்த மணலுக்குள்ள வர்றதுக்கு ஒரு சண்டை போட வேண்டியிருந்திருக்கு.

ஒம்போது மணிக்கு நாட்டை ஆரம்பிச்சுது. நூத்துக்கணக்கான குரல், எதிரெதிரா வரிசையா உக்காந்து. ஆண்கள், பெண்கள், கையில நோட்டை வச்சுக்கிட்டுப் பாடுறவங்க, பார்க்காமப் பாடுறவங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியல. சமஸ்கிருதம். ஆனா மயிர்க்கூச்செறிஞ்சுது. தவில் நண்பன் காதுல சொன்னான், "கோயில்ல சாமி வெளிய கிளம்பறப்போ மல்லாரி வாசிப்போம்ல, அது கம்பீர நாட்டை. இது நாட்டை. ரெண்டும் சொந்தக்காரங்க." அஞ்சு பாட்டும் முடியுற வரைக்கும் அவன் விரல் தொடையில ஓடிக்கிட்டே இருந்தது. எங்க அஞ்சு பேர்ல உள்ள என்ன நடக்குதுன்னு நிஜமாப் புரிஞ்சு கேட்டது அவன் ஒருத்தன்தான்.

முடிஞ்சு வெளிய வரும்போது நாகரத்தினம்மாள் சமாதிக்குப் போனோம். தியாகராஜர் சன்னிதியைப் பார்த்துக் கைகூப்பி உக்காந்திருக்கிற சிலை. 1952-ல காலமானாங்க. சொத்தை அறக்கட்டளைக்கு எழுதி வச்சப்போ, தேவதாசிகள் உட்படப் பெண்களுக்கு அங்க வழிபடவும் பாடவும் முழு உரிமை உண்டுன்னு எழுதி வாங்கிட்டுத்தான் போயிருக்காங்க. விவரமான அம்மா. வாய் வார்த்தையை நம்பல. நாங்க நின்ன அஞ்சு நிமிஷத்துல நாலஞ்சு பேர்தான் அந்தப் பக்கம் வந்தாங்க. ஒரு பாட்டி சின்னப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து, "இந்த அம்மாதான்டி" என்று மட்டும் சொல்லி விழுந்து கும்பிட வச்சாங்க.

திரும்பி வரும்போது வண்டியில ரொம்ப நேரம் யாரும் பேசல. சேத்தியாத்தோப்பு தாண்டினதும் கிடார்காரன் மட்டும் கேட்டான், "மச்சி, உங்க அப்பா அடுத்து எங்க வாசிக்கிறார்?"

"மாசி மாசம். நம்ம பக்கத்து ஊர்ல திருவிழா. ஏன்?"

"சும்மாதான்."

லீவு கிடைச்சா நானும் போறேன். இந்தத் தடவை இட்லி அப்புறம்.

உங்க ஊர்ல நாகஸ்வரம், தவில் வாசிக்கிறவங்க இன்னும் இருக்காங்களா? கடைசியா எப்போ உக்காந்து முழுசாக் கேட்டீங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க மக்களே.